ஆங்கிலம் படிப்போம்: இந்தியா எவ்வளவு பெரிசு?



மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக நாம் எழுதிவரும் இந்தப் பக்கத்தில், இம்முறை ஒரு நாட்டையே பாடமாக எடுத்திருக்கிறோம். சொல்லைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் மறந்துவிடும். ஒரு தேசத்தின் மலையையும் ஆற்றையும் சாப்பாட்டையும் பேசிக்கொண்டே படித்தால் சொல் மனதில் ஒட்டிக்கொள்ளும். நாம் எடுத்துக்கொண்ட நாடு இந்தியா.

இந்தியா என்ற பேர் அடிபடாத காம்பரா நமது லயங்களில் கிடையாது. சினிமாப் படம் அங்கிருந்து வருகிறது, கலியாணச் சேலை அங்கிருந்து வருகிறது, தாத்தா பாட்டி கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனாலும் "இந்தியா எப்படிப்பட்ட நாடு?" என்று வகுப்பில் கேட்டால், "மெட்ராஸ்தானே சேர்" என்று பதில் வருகிறது. கண்டி டவுனை மட்டும் பார்த்துவிட்டு இலங்கை முழுவதும் இப்படித்தான் என்று சொல்வதை விடவும் இது பெரிய தவறு. எவ்வளவு பெரிய தவறு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பளவு ஏறக்குறைய 32 லட்சத்து 87 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதாவது இலங்கையைப் போல் ஐம்பது நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு இந்தியா. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இலங்கையின் நீளம் சுமார் 430 கிலோமீட்டர். இந்தியாவின் வடக்குத் தெற்கு நீளம் 3,214 கிலோமீட்டர். தமிழ்நாடு மட்டுமே இலங்கையைப் போல் இரண்டு மடங்கு. அது அந்த நாட்டின் ஒரு மூலைதான்.

இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவோம்:

"இந்தியா இஸ் எ லார்ஜ் கன்ட்ரி." இந்தியா ஒரு பெரிய நாடு.

"இந்தியா இஸ் லார்ஜர் தென் ஸ்ரீ லங்கா." இந்தியா இலங்கையை விடப் பெரியது.

"ரஷ்யா இஸ் த லார்ஜஸ்ட் கன்ட்ரி இன் த வேர்ல்ட்." உலகத்திலேயே மிகப் பெரிய நாடு ரஷ்யா.

"இந்தியா இஸ் அபவுட் ஃபிஃப்டி டைம்ஸ் அஸ் லார்ஜ் அஸ் ஸ்ரீ லங்கா." இந்தியா இலங்கையைப் போல் சுமார் ஐம்பது மடங்கு பெரியது.

லார்ஜ், லார்ஜர், லார்ஜஸ்ட். ஒன்றைப் பற்றி மட்டும் பேசினால் முதல் சொல், இரண்டை ஒப்பிட்டால் இரண்டாவது, எல்லாவற்றிலும் மேலானது என்றால் மூன்றாவது. மூன்றாவதற்கு முன்னால் "த" வர வேண்டும். பரப்பளவில் இந்தியா உலகில் ஏழாவது இடம். சனத்தொகையிலோ 2023இல் சீனாவைத் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டது.

அடுத்ததாக, நமது பிள்ளைகள் எல்லோருக்கும் தடுக்குகிற ஒரு சொல். இந்தியாவில் 28 மாநிலங்களும் 8 ஒன்றியப் பிரதேசங்களும் இருக்கின்றன. மாநிலத்துக்கு ஆங்கிலத்தில் "ஸ்டேட்". நாம் ஸ்கூலை "இஸ்கூல்" என்றும் ஸ்டேஷனை "இஸ்டேசன்" என்றும் சொல்லிப் பழகியவர்கள். அதே பழக்கத்தில் ஸ்டேட்டையும் "இஸ்டேட்" என்கிறோம். கேட்கிறவருக்கு அது "எஸ்டேட்" என்று விழும். "மை ஆன்ட்டி லிவ்ஸ் இன் தமிழ்நாடு எஸ்டேட்" என்று ஒரு பிள்ளை சொன்னால், தமிழ்நாடு என்று ஒரு தேயிலைத் தோட்டம் இருப்பதாகத்தான் வெள்ளைக்காரர் நினைப்பார். பாம்பு சீறுவது மாதிரி "ஸ்ஸ்" என்று தொடங்கி, "டேட்" என்று முடியுங்கள். முன்னால் "இ" வரக் கூடாது.

"தமிழ்நாடு இஸ் எ ஸ்டேட்." தமிழ்நாடு ஒரு மாநிலம்.

"ஹந்தானை இஸ் என் எஸ்டேட்." ஹந்தானை ஒரு தோட்டம்.

ஸ்டேட்டுக்கு முன்னால் "எ", எஸ்டேட்டுக்கு முன்னால் "என்". அடுத்து வரும் ஓசை அ, இ, எ மாதிரி உயிரோசையாக இருந்தால் "என்" போட வேண்டும். இந்த இரண்டு வசனங்களையும் கொழுந்து எடுத்துக்கொண்டே பத்துத் தரம் சொல்லிப் பாருங்கள், அம்மாமாரும் சொல்லலாம்.

இந்திய மாநிலங்கள் பெரும்பாலும் மொழியை வைத்துப் பிரிக்கப்பட்டவை. 1956இல் அந்தப் பிரிப்பு நடந்தது. மெட்ராஸ் மாநிலம் என்ற பேர் தமிழ்நாடு என்று மாறியது 1969இல். அரசியலமைப்பின் அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. அதனால் நாடு ஒன்றுதான் என்றாலும், மாநில எல்லையைத் தாண்டினால் பெயர்ப்பலகையின் எழுத்தே மாறிவிடும். தமிழ் தெரிந்தால் இந்தியா முழுக்கப் போய் வரலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

இனி ஒரு கோச்சிப் பயணம் போவோம். கன்னியாகுமரியிலிருந்து அஸ்ஸாமில் உள்ள திப்ருகர் வரைக்கும் விவேக் எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் ஓடுகிறது. தூரம் 4,000 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாளைக்கு மேல் ரயிலிலேயே சாப்பிட்டுத் தூங்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த ரயிலைத் தெரிவு செய்ததற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் விளங்கும்.

முதலில் கேரளா. ஸ்டேஷனில் "சாயா, சாயா" என்று கூவுவார்கள். நாம் பிளேன்டி என்று சொல்வதற்கு அங்கே கட்டன் சாயா. ஆங்கிலத்தில் கேட்பதானால் "ப்ளாக் டீ" என்று கேளுங்கள், எங்கும் விளங்கும். பிறகு கோயம்புத்தூர், சேலம் என்று தமிழ்நாட்டுக்குள் வந்து, வேலூருக்குப் பக்கத்தில் காட்பாடி வழியாகப் போகிறது. வேலூர் என்ற பெயரைக் கண்டியில் இருக்கிற நாம் தெரிந்திருக்க வேண்டும். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816இல் ஆங்கிலேயர் நாடு கடத்தி வேலூர்க் கோட்டையில்தான் வைத்தார்கள். அங்கேயே 1832இல் இறந்தார். அவருடைய நாயக்கர் வம்சம் மதுரைப் பக்கத்து உறவுடையது.

அதன் பின் ஆந்திரா, பிறகு ஒடிசா. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறு பக்கம் நெல் வயல். ஒடிசாவின் பழைய பெயர் கலிங்கம். கண்டி தலதா மாளிகையில் இருக்கிற புனித தந்தம், ஹேமமாலா என்ற இளவரசியின் கூந்தலுக்குள் மறைத்து கலிங்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது என்பது சிங்கள மக்களின் வரலாறு. அநுராதபுரத்து ஸ்ரீ மகா போதியின் கிளையும் புத்தகயாவிலிருந்து வந்தது என்கிறார்கள், அது பிஹார் மாநிலம். நம் அயலவர்கள் "தம்பதிவ" யாத்திரை போய் வந்தோம் என்று சொல்கிறார்களே, அந்தத் தம்பதிவவும் இந்தியாதான். அவர்களுடைய இந்தியா வடக்கில், நம்முடைய இந்தியா தெற்கில். இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்லி வேறு வேறு ஊர்களை நினைத்துக்கொள்கிறோம்.

மேற்கு வங்காளத்தில் தேத்தண்ணிக்குப் பேர் "ச்சா". சின்ன மண் குவளையில் கொடுப்பார்கள், குடித்துவிட்டு உடைத்துவிடலாம். பிஹார்ப் பக்கம் ஹிந்தியில் "ச்சாய்". சீனாவில் ஒரு பகுதியார் "சா" என்றார்கள், கடலோரத்தில் இன்னொரு பகுதியார் "தே" என்றார்கள். தரை வழியாகப் போன இடமெல்லாம் முதல் பேர், டச்சுக்காரர் கப்பலில் கொண்டுபோன இடமெல்லாம் இரண்டாம் பேர். நமது தேயிலையும் தேத்தண்ணியும், சிங்களத்தில் "தே"யும், ஆங்கிலத்தில் "டீ"யும் கப்பல் வழியில் வந்தவை.

நியூ ஜல்பைகுரி தாண்டும்போது படத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேபாளம், மறு பக்கம் பங்களாதேஷ், நடுவில் இந்தியா ஒரு கோழிக் கழுத்து மாதிரி ஒடுங்கிப் போகிறது. மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் 20 கிலோமீட்டர் சொச்சம்தான். மேலே மலையில் டார்ஜிலிங். அதற்கும் அப்பால் கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர். நமது பிதுருதலாகல 2,524 மீட்டர். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றை அடுக்கினாலும் எட்டாது.

ரயில் கடைசியில் அஸ்ஸாமுக்குள் நுழைகிறது. இந்தியத் தேயிலையில் பாதிக்கு மேல் விளைவது இந்த ஒரு மாநிலத்தில். ஆனால் நாம் நினைக்கிற மாதிரி மலைத் தோட்டம் அல்ல. பிரம்மபுத்திரா ஆற்றின் ஓரத்தில் தட்டையான நிலத்தில், நிழல் மரத்துக்குக் கீழே, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தேயிலை. ஏற்றம் இறக்கம் கிடையாது. நமது பெண்களின் முழங்கால் இதைக் கேட்டால் பொறாமைப்படும். ஆனால் அங்கே வெயில் காலத்தில் புழுக்கம் கொல்லும். டிசம்பரிலிருந்து சில மாதம் குளிருக்குக் கொழுந்தே வராது. அந்த நாட்களில் கவ்வாத்து மாதிரி வேலைதான் நடக்கும். பக்கத்து மாநிலம் மேகாலயா, அங்கே மவுசின்ராம் என்ற ஊரில் வருடத்துக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டர் அளவில் மழை. நமது வட்டவளை மழையே 5,000 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான்.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் யார்? அநேகம் பேர் அஸ்ஸாம்காரர் அல்ல. இன்றைய ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரர் காலத்தில் கூட்டிக்கொண்டு போகப்பட்ட சந்தால், முண்டா, ஒராவோன் மக்களின் வாரிசுகள். நமக்குக் கங்காணி மாதிரி அவர்களுக்கு சர்தார். குடியிருப்புக்கு அங்கேயும் "லைன்" என்றுதான் பேர். நமக்குக் காமன் கூத்து, அவர்களுக்கு ஜுமுர் ஆட்டம். கடல் தாண்டாமல், ஒரே நாட்டுக்குள்ளேயே, அவர்களும் நம்மைப் போல்தான் வந்து சேர்ந்தார்கள்.

இந்த ரயிலைத் தெரிவு செய்த காரணம் இதுதான்: 1839இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்து அஸ்ஸாம் தேயிலை விதைகள் நமது பேராதனைத் தோட்டத்துக்கு வந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். ஆகவே நாம் தொட்டு வளர்க்கிற செடி வந்தது ரயிலின் ஒரு முனையிலிருந்து. தொடுகிற கை வந்தது மறு முனைப் பக்கத்திலிருந்து. இடையில் 4,000 கிலோமீட்டர். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தியா என்று ஒரே பேர்.

பண்டிகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரல் நடுவில் நமக்குச் சித்திரைப் புத்தாண்டு, சிங்கள அயலவருக்கு அலுத் அவுருது. அதே நாட்களில் கேரளாவில் விஷு, வங்காளத்தில் பொய்லா பொய்ஷாக், அஸ்ஸாமில் பிஹு, பஞ்சாபில் பைசாகி. சாப்பாடு மட்டும் மாறும்: தெற்கிலும் கிழக்கிலும் சோறு, வடக்கில் கோதுமை ரொட்டி. ஆங்கிலத்தில் "பீப்பள் ஈட் ரைஸ் இன் த சவுத்." "பீப்பள் ஈட் ரொட்டி இன் த நோர்த்." நோர்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட் நான்கையும் சுவரில் ஒட்டிய படத்தில் விரல் வைத்துச் சொல்லிப் பழகுங்கள்.

இனி நம்முடைய கதைக்கு வருவோம். இந்தப் பாடத்தில் இதுதான் முக்கியம்.

நமது முன்னோர் 1820களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள், பிறகு தேயிலைக்கு வந்தவர்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலி என்று சில மாவட்டங்களிலிருந்துதான் பெரும்பாலும் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடி, 1984இல் நின்றது.

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்கும், 3 லட்சம் பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நம் லயத்து அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் ஆனது இந்தக் கணக்கில்தான்.

போனவர்கள் எங்கே போனார்கள் என்பதைப் படத்தில் தேடினால் இந்தப் பாடத்தின் உபயோகம் தெரியும். நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் அரசாங்கம் 1968இல் இவர்களுக்காகத் தேயிலை போடத் தொடங்கியது, அதுதான் 1976இல் டான்டீ என்ற கூட்டுத்தாபனமானது. இன்னும் சிலர் கேரளாவில் புனலூர் ரப்பர் தோட்டத்துக்கும், கர்நாடகாவில் சுள்ளியா பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கும் போனார்கள். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளமோ கன்னடமோ படித்திருப்பார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாமல் இருக்கலாம். இங்கே நம் பிள்ளைக்கு மலையாளம் தெரியாது. இரண்டு மச்சான்மாருக்கும் நடுவில் போனில் ஒரு செய்தி எழுத வேண்டும் என்றால் ஆங்கிலம்தான் கைகொடுக்கும். "ஐ ஆம் யோர் கசின் ஃப்ரம் ஸ்ரீ லங்கா." நான் இலங்கையிலிருந்து எழுதும் உன் மச்சான். இந்த ஒரு வசனத்துக்காகவே ஆங்கிலம் படிக்கலாம் என்பது நமது எண்ணம்.

கடைசியாக, ஹந்தானைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருகிற ஒரு கேள்வி. 1925இல் கட்டிய நமது பழைய ஹந்தானைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை நூதனசாலை ஆனதிலிருந்து, அதைப் பார்க்க வருகிற வெளிநாட்டார் றோட்டில் நம் பிள்ளைகளோடு பேசுகிறார்கள். பேரைக் கேட்டதும் அடுத்த கேள்வி, "ஆர் யூ இந்தியன்?" பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்று இருப்பதால் பிள்ளைகள் "யெஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியான பதில் அல்ல. ஒப்பந்த நாளான 1964 ஒக்டோபர் 30இலிருந்து இங்கேயே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பிரஜாவுரிமை கொடுத்தது. அங்கே போனவர்களைச் சிலோன்காரர் என்கிறார்கள், இங்கே இருப்பவர்களை இந்தியாக்காரர் என்கிறார்கள். மற்றவர்கள் எப்படிச் சொன்னாலும் நாம் சரியாகச் சொல்வோம்:

"நோ, ஐ ஆம் ஸ்ரீ லங்கன்." இல்லை, நான் இலங்கையர்.

"மை கிரேட் கிராண்ட்ஃபாதர் கேம் ஃப்ரம் இந்தியா." என் பூட்டன் இந்தியாவிலிருந்து வந்தார்.

"ஹி கேம் ஃப்ரம் எ வில்லேஜ் நியர் திருச்சி." அவர் திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வந்தார்.

"கேம்" என்று சொல்ல வேண்டும், "கம்" அல்ல. கேம் என்றால் வந்தார், முடிந்துபோன காரியம். "ஐ கம் ஃப்ரம் இந்தியா" என்றால் என் ஊரே இந்தியா என்று அர்த்தம் மாறிவிடும். ஒரே ஒரு எழுத்து ஓசையில் நாடே மாறிப்போகிறது பார்த்தீர்களா? "நோ" என்பதைக் கோபமாகச் சொல்ல வேண்டாம், சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். பூட்டன் வந்த ஊர் வெட்கப்பட வேண்டிய விசயம் இல்லை.

திருச்சி என்று நாம் போட்டது மாதிரிக்குத்தான். உங்கள் பூட்டன் எந்த ஊர்? இம்மாத வீட்டு வேலை இதுதான். வீட்டில் வயதானவர்களிடம் ஊர்ப் பேர், மாவட்டம், எந்த வழியாக வந்தார்கள், யார் திரும்பிப் போனார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். பாட்டிமார் ஊர்ப் பேரைப் பழைய வாயில் சொல்வார்கள், படத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கும், நாம் சேர்ந்து தேடுவோம். பிறகு மேலே உள்ள மூன்று வசனங்களில் அந்த ஊரைப் போட்டு, தாளை மாதக் கடைசிக்குள் புள்ளைக்காம்பரா வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். பெரியவர்கள் எழுதினாலும் திருத்தித் தருவோம். இந்தியப் படம் ஒன்று வகுப்பறைச் சுவரில் இருக்கிறது, வருகிற ஊர்களுக்கெல்லாம் அதில் சிவப்பு ஊசி குத்தி வைக்கிறோம்.